தானே புயலும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது தானே புயல். காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை வீசியது. பண்ருட்டிப் பக்கத்தில் தாத்தா நட்ட பலாமரங்கள் வேரோடு சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் மொட்டையாயின. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் ஒடிந்து விழ, மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

காற்றாலை பற்றிய அத்தியாயத்தை, மின்சாரத்தைப் பறித்துக்கொண்டு போன ஒரு காற்றிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காற்றுக்கு எதிரே ஒரு சதுர மீட்டர் அளவுள்ள வெறும் சட்டம் ஒன்றை நிறுத்தியிருந்தால், அதற்குள் நுழைந்து போன காற்றின் திறன் சுமார் 35 கிலோவாட் இருந்திருக்கும். 500 சீலிங் ஃபேன்களைச் சுற்ற வைக்கப் போதுமானது அது. ஒரே ஒரு சன்னல் அளவு இடத்தில்!

இப்போது அதே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழியில், ஜூலை மாதத்து நல்ல காற்றில், வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நிறுத்துங்கள். கிடைப்பது 600 வாட். புயலோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட அறுபதில் ஒரு பங்குதான். ஆனாலும் ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள் நிற்கின்றன. சிதம்பரம் பக்கம் பரங்கிப்பேட்டையிலிருந்து கிள்ளை, பிச்சாவரம் வரை கடற்கரையில் நடந்து பாருங்கள், ஒன்றுகூடக் கிடையாது. கடலோரம், மலை மறைப்பில்லாத சமவெளி, புயலுக்குப் பேர்போன கரை. இருந்தும் இந்த ஊர்க் காற்றை மின்வாரியமும் சீண்டவில்லை, மில் முதலாளிகளும் சீண்டவில்லை.

அதற்கான காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. காற்றாலைத் தொழிலில் நடக்கும் எல்லாமே, கோபுரத்தின் உயரம் முதல் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் கொதிகலன் வரை, அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவைதான்.

ஓடும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. காற்றுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. காற்று வேகமாக வீசினால், ஒரு வினாடியில் நம் சட்டத்துக்குள் நுழையும் காற்றின் அளவும் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் இரண்டு மடங்கு காற்று, ஒவ்வொரு கிலோவும் நான்கு மடங்கு ஆற்றலோடு வருகிறது. ஆக எட்டு மடங்கு. காற்றின் திறன் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது என்பதன் பொருள் இவ்வளவுதான். வினாடிக்கு 5 மீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு 75 வாட், 10 மீட்டரில் 600 வாட்.

இதை வைத்து ஒரு விளையாட்டுக் கணக்குப் போடலாம். இரண்டு ஊர்கள், இரண்டிலும் சராசரிக் காற்று வினாடிக்கு 6 மீட்டர். முதல் ஊரில் எந்நேரமும் சீராக 6 மீட்டர். இரண்டாவதில் பாதி நேரம் 3, பாதி நேரம் 9. எந்த ஊரில் காற்றாலை போடுவீர்கள்? சீராக வீசும் ஊர் என்றுதான் பலரும் சொல்வார்கள். கனத்தைக் கணக்கிட்டால் முதல் ஊருக்கு 216, இரண்டாவதற்கு 729-ம் 27-ம் சேர்ந்து பாதியாகி 378. அடங்கியும் சீறியும் வீசும் ஊர்தான் கூடுதலாகத் தருகிறது. அதனால் ‘இந்த ஊரில் சராசரியாக எவ்வளவு காற்று?’ என்ற கேள்வி காற்றாலைக்காரருக்குப் பத்தாது. எத்தனை மணி நேரம் எந்த வேகம் என்று பட்டியல் வேண்டும்.

அப்படியானால் அடங்கிக் கிடந்து பத்தாண்டுக்கு ஒருமுறை சீறும் சிதம்பரம்தானே சிறந்த ஊர்? கணக்கு அப்படித்தான் சொல்லும், இயந்திரம் ஒப்புக்கொள்ளாது. இன்றைய காற்றாலை வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் சுற்றத் தொடங்கும். 12 மீட்டரை ஒட்டி அதன் முழுத் திறனை எட்டிவிடும். அதற்குமேல் காற்று எவ்வளவு கூடினாலும் மின்சாரம் கூடாது. 25 மீட்டரை, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் பிளேடுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பிவிட்டு, தானாக நின்றுகொள்ளும். தானே புயல் வீசிய வேகம் வினாடிக்கு 39 மீட்டர். அன்றைக்குக் கடலூர் கடற்கரையில் ஆயிரம் காற்றாலைகள் இருந்திருந்தாலும், புயல் உச்சத்தில் இருந்த மணி நேரங்களில் அத்தனையும் கைகட்டி நின்றிருக்கும். விழாமல் நின்றால் அதுவே பெரிது. 1998 ஜூனில் குஜராத்தைத் தாக்கிய புயலில் போர்பந்தர் பக்கம் பல காற்றாலைகள் சேதமடைந்தன. எந்த வேகத்துக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்குப் பன்னாட்டுத் தர வகுப்புகள் உண்டு. வினாடிக்கு 70 மீட்டர் சூறையைத் தாங்கும் வகுப்பும் இருக்கிறது. ஆனால் அந்த வலுவுக்கான இரும்பும் கான்கிரீட்டும் காசு. பத்தாண்டுக்கு ஒரு நாள் வரும் புயலுக்குப் பயந்து பலமாகக் கட்டிவிட்டு, மீதி நாளெல்லாம் மென்காற்றில் சும்மா சுற்ற விடுவதற்கு எவர் கடன் கொடுப்பார்?

மீதி நாள்களில் சிதம்பரத்தின் காற்று எப்படி? தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று வருகிறது. ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறி இறங்கி, குன்றும் மரமும் கட்டடமுமாக முழுத் தமிழ்நாட்டையும் உரசிக்கொண்டு வந்து சேரும்போது களைத்துவிடுகிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்து அதற்கு எதிராகத் தள்ளுகிறது. இரண்டும் கைகலந்து கொஞ்ச நேரம் இலைகூட அசையாத புழுக்கம். ஆனி, ஆடியில் கீழவீதியில் நடந்தவர்களுக்கு இது தெரியும். வடகிழக்குப் பருவத்தில் வாடை வீசும், ஆனால் அந்தப் பருவத்தின் பெயர் மழைக்குத்தான். பஞ்சபூதத் தலங்களில் சிதம்பரத்துக்கு ஆகாயத்தையும் காளத்திக்குக் காற்றையும் ஒதுக்கியவர்கள் அனிமாமீட்டர் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள், இருந்தாலும் பங்கீடு சரியாகவே அமைந்துவிட்டது.

இந்தக் கரையில் காற்றை நம்பிப் பிழைத்தவர்கள் இல்லாமல் இல்லை. பரங்கிப்பேட்டை, ஐரோப்பியர் வாயில் போர்ட்டோ நோவோ, வெள்ளாற்று முகத்துவாரத்தில் பாய்மரக் கப்பல்கள் வந்துபோன துறைமுகம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றைப் பிரித்தறிந்த கடலோடிகள் இங்கே இன்றும் இருக்கிறார்கள். வினாடிக்கு 5 மீட்டர் காற்று பாய்மரத்துக்கு நல்ல காற்று. படகு நகர்ந்தால் போதும், எத்தனை யூனிட் என்று கேட்பாரில்லை. யூனிட் கணக்கு வந்த பிறகுதான் 5 மீட்டர் ஏழைக் காற்றாகிவிட்டது.

பணக்காரக் காற்று எங்கே வீசுகிறது என்பதற்கு மலையைப் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் தடுக்கிறது. மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் மேகமும் மழையும் குளுமையும். இந்தப்பக்கம் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமை வெயிலில் காய்கிறது. சூடேறிய தரைக்கு மேலே அழுத்தம் குறைவு, மலைக்கு அப்பால் அதிகம். சுவரில் எங்கே சந்து கிடைத்தாலும் காற்று அதன் வழியே பாய்கிறது. பெரிய சந்து பாலக்காட்டுக் கணவாய், அகலம் 30 கிலோமீட்டருக்கு மேல். அதன் வாயில் உடுமலை, பல்லடம், தாராபுரம். அடுத்தது கம்பம் பள்ளத்தாக்கு வழி, அதற்குத் தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள். மூன்றாவது ஆரியங்காவை ஒட்டிய செங்கோட்டைக் கணவாய். குற்றாலத்தில் சாரலைத் தூவிவிட்டுப் போகும் அதே காற்றுதான் சில கிலோமீட்டர் தள்ளிச் சுரண்டைப் பக்கம் காற்றாலை சுற்றுகிறது. தெற்கே கடைசியாக மகேந்திரகிரிக்குக் கீழே ஆரல்வாய்மொழிக் கணவாய். அங்கே காற்றாடிமலை என்றே ஒரு மலை இருக்கிறது. 1752-இல் மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. அந்த ஊர்க்காரர்களுக்குக் காற்று ஒன்றும் காற்றாலைகளுக்குப் பிறகு வந்த செய்தி அல்ல.

கணவாயில் காற்று நன்றாக வீசும் என்று ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். கனத்தின் கணக்குக்கு அது போதாது. வேகத்தைப் பத்து சதவீதம் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டால் மின்சாரத்தை 33 சதவீதம் கூடுதலாக மதிப்பிட்டதாக ஆகிவிடும். வட்டி கட்ட முடியாமல் திணற அது போதும். ஆகவே அளக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் இந்த அளவீட்டுக்கு அடித்தளம் போட்டவர் அன்னா மாணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளியியலை ஆராய்ந்தவர். பிறகு இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்தார். பணி ஓய்வுக்குப் பிறகு நாடு முழுவதும் காற்றின் வேகத்தை இடம் இடமாக அளந்து தொகுக்கும் வேலையை ஏற்றார். 1983-இல் அவரும் டி.ஏ. மூலேயும் சேர்ந்து வெளியிட்ட இந்தியக் காற்றாற்றல் தரவு நூல் வந்த பிறகுதான் ‘எங்கே காத்தாடி போடலாம்’ என்ற கேள்விக்கு எண்களில் பதில் கிடைத்தது. நம் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்பது என் கட்சி.

எண்கள் வந்த சில ஆண்டுகளில் இயந்திரங்களும் வந்தன. காற்றில் மின்சாரம் எடுப்பது அப்போதே நூறு வயதான வித்தை. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் 1887-லும், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் அடுத்த ஆண்டும் செய்து காட்டியது. டென்மார்க்கின் அஸ்கோவில் பால் லா கூர் 1891-இல் தொடங்கிய சோதனைகளிலிருந்து டேனியர்கள் விடாமல் வளர்த்தார்கள். 1986-இல் ரத்னகிரி, ஓகா, தமிழ்நாட்டில் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காடு என்று இந்தியாவின் முதல் காற்றுப் பண்ணைகள் எழுந்தபோது அவற்றில் சுற்றியவை 55 கிலோவாட் டேனிஷ் இயந்திரங்கள். தொண்ணூறுகளில் வருமான வரியில் முதல் ஆண்டிலேயே முழுத் தேய்மானத்தையும் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை வந்ததும் கோவை, திருப்பூர் மில்காரர்கள் கணவாய்களை நோக்கி ஓடினார்கள். தமிழ்நாட்டின் காற்றாலைக் காட்டை வளர்த்ததில் பொறியாளருக்குப் பாதிப் பங்கு என்றால் ஆடிட்டருக்கு மீதிப் பாதி. மார்ச் 31-க்குள் சுற்ற வைத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் நட்டவை ஏராளம்.

முப்பந்தலில் பேருந்தை விட்டு இறங்கினால் சாலையோரம் இசக்கியம்மன் கோயில். லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகும் இடம். கோயிலைத் தாண்டி உடைமரங்களுக்கு நடுவே ஏதாவது ஒரு காத்தாடியின் காலடிக்குப் போங்கள். கோபுரத்தில் ஓர் இரும்புக் கதவு, அதன்மேல் மின்வாரியம் கொடுத்த எச்.டி. இணைப்பு எண் பெயின்டில். பக்கத்திலேயே கம்பிவேலிக்குள் ஜல்லி பரப்பி ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அண்ணாந்து பார்த்தால் பிளேடு சோம்பலாகச் சுற்றுவதுபோல் இருக்கும், ஆனால் ஒவ்வொரு பிளேடும் கீழே இறங்கும்போது ‘உஷ்ஷ்’ என்று ஒரு வெட்டு. 80 மீட்டர் விட்டமுள்ள சுழலி நிமிடத்துக்கு 15 முறை சுற்றினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 226 கிலோமீட்டர். தானே புயலைவிட வேகம். அந்தச் சோம்பல் வெறும் தோற்றம்.

பிளேடைக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் தள்ளல் என்றால் பிளேடு காற்றைவிட வேகமாகப் போகவே முடியாது. ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை லேசாகச் சாய்த்தால் கை பின்னால் போவதைவிட மேலே எழும்புமே, அந்த விசைதான் இங்கே வேலை செய்கிறது. விமான இறக்கையை மேலே தூக்குவதும் அதுவே. பிளேடின் குறுக்குவெட்டு, முன்விளிம்பு தடித்துப் பின்விளிம்பு மெலிந்து, இறக்கை வடிவத்தில் இருக்கிறது. அதன்மேல் வளைந்து ஓடும் காற்று ஒரு பக்கம் அழுத்தத்தைக் குறைத்து, பிளேடைக் காற்றின் திசைக்குக் கிட்டத்தட்டக் குறுக்காக இழுக்கிறது. பிளேடு நகர நகர அது எதிர்கொள்ளும் காற்றின் வேகமும் கூடுகிறது, இழுப்பும் கூடுகிறது. அதனால்தான் நுனி, காற்றைப்போல் ஆறேழு மடங்கு வேகத்தில் பறக்கிறது. அடிப்பகுதி மெதுவாகவும் நுனி வேகமாகவும் போவதால் இரண்டும் காற்றைச் சந்திக்கும் கோணம் வேறு. லாரியில் கிடத்திக் கொண்டுபோகும் பிளேடை அருகில் நின்று பார்த்தால் அடியிலிருந்து நுனி வரை அது முறுக்கியிருப்பது தெரியும்.

அந்த 80 மீட்டர் வட்டத்தின் பரப்பு 5,000 சதுர மீட்டர். 10 மீட்டர் காற்றில் வினாடிக்கு 60 டன் காற்று அதன் வழியே போகிறது, சுமந்து போகும் திறன் 3 மெகாவாட். முழுவதையும் உருவிக்கொள்ள முடியுமா? உருவினால் காற்று அங்கேயே நின்றுவிடும். நின்ற காற்று பின்னால் வரும் காற்றுக்கு வழிவிடாது, அது வட்டத்தைச் சுற்றி ஒதுங்கிப் போய்விடும். கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியோடு அனுப்பிவைத்தால்தான் அடுத்த காற்று வரும். எவ்வளவு எடுப்பது உத்தமம் என்று ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுக்கு முன் கணக்கிட்டார்: காற்று தன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கோடு வெளியேற வேண்டும், அப்போது எடுக்க முடிவது 59.3 சதவீதம். எந்தக் கொம்பன் வடிவமைத்தாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. நல்ல இயந்திரங்கள் 40 சதவீதத்தை ஒட்டியும் மேலும் எடுக்கின்றன. நம் 3 மெகாவாட்டில் கைக்கு வருவது 1.3. அதே சுழலியைச் சிதம்பரத்தின் 5 மீட்டர் காற்றில் வைத்தால் 0.16.

களைத்து வெளியேறும் காற்று பின்னால் நிற்கும் காற்றாலைக்கு நட்டம். அதனால்தான் சுழலி விட்டத்தைப்போல் பக்கவாட்டில் ஐந்து மடங்கு, காற்றுத் திசையில் ஏழு மடங்கு இடைவெளி என்ற விதி தமிழ்நாட்டில் இருந்தது. தொழிலில் இதை ‘ஃபைவ் டி, செவன் டி’ என்பார்கள். பக்கத்து நிலத்தில் புதிதாக ஒன்று எழுந்தால் பழைய காத்தாடிக்காரர் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு இதுதான் காரணம்.

கோபுர உச்சியில் இருக்கும் பேருந்து அளவுள்ள பெட்டிக்குள் கதை எளிது. காந்தப்புலத்தில் கம்பிச்சுருளைச் சுற்றினால் மின்சாரம் வரும் என்று 1831-இல் பாரடே கண்டதற்குமேல் அடிப்படையில் புதிதாக ஒன்றுமில்லை. சுழலியின் 15 சுற்றைப் பல்சக்கரப் பெட்டி நூறு மடங்காக்கி ஜெனரேட்டருக்கு 1,500 சுற்றாகக் கொடுக்கிறது. நம் மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸோடு ஒத்துப்போக அந்த வேகம் தேவை. மின்சாரம் 690 வோல்ட்டில் கீழே இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரில் 11, 22 அல்லது 33 கிலோவோல்ட்டாகி, துணைமின் நிலையங்கள் வழியே மேலே மேலே ஏறுகிறது. பழைய இயந்திரங்களில் ஒரு வேடிக்கை. அவற்றின் ஜெனரேட்டருக்குக் காந்தப்புலத்தை உண்டாக்கவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். லைனில் கரண்ட் போனால், புயல்காற்றே வீசினாலும் காத்தாடியும் நின்றுவிடும். புதியவற்றில் மின்னணு மாற்றிகள் வந்து, காற்றுக்கேற்ற வேகத்தில் சுழலியை ஓட விட்டு, வெளியே மட்டும் 50 ஹெர்ட்ஸ் தருகின்றன. பல்சக்கரப் பெட்டியே இல்லாமல் நிலைக்காந்த ஜெனரேட்டரை நேரடியாகச் சுற்றும் வகையும் உண்டு.

உயரத்துக்கும் கனக் கணக்குதான். தரையை உரசும் காற்று மெதுவாகப் போகும், மேலே போகப் போக வேகம் கூடும். திறந்த நிலத்தில் உயரம் இரட்டித்தால் வேகம் பத்து சதவீதம் கூடுகிறது என்பது தோராயக் கணக்கு. பத்து சதவீதம்தானே என்று விடமுடியாது. 30 மீட்டர் கோபுரத்திலிருந்து 120 மீட்டருக்குப் போனால் அதே நிலத்தில், அதே ஒரு சதுர மீட்டருக்கு, 80 சதவீதம் கூடுதல் திறன். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் தமிழ்நாட்டின் வாய்ப்பை 100 மீட்டர் உயரத்தில் 33,800 மெகாவாட் என்றும், 120 மீட்டரில் 68,750 என்றும் மதிப்பிட்டிருக்கிறது. இருபது மீட்டர் ஏறியதற்கு இரண்டு மடங்கு. நேற்று வரை லாயக்கில்லாத நிலமெல்லாம் கணக்குக்குள் வந்துவிடுவதால்தான் இந்தத் தாவல்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆரல்வாய்மொழி, கயத்தாறு போன்ற முதல்தரக் காற்றில் தொண்ணூறுகளின் குட்டைக் கோபுரங்கள் நின்றுகொண்டிருக்கின்றன. 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். ராஜபாட்டையில் மாட்டுவண்டி. பிடுங்கிவிட்டுப் பெரியதை நடலாம் என்றால் நிலம் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பலர் கையில். ஐந்து பேரின் ஐந்து காத்தாடிகளை எடுத்துவிட்டு ஒன்றை நட்டால் அது யாருடையது? 2024-இல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. இதற்கிடையே 10,000 மெகாவாட்டைத் தாண்டியும் தமிழ்நாடு, நாட்டிலேயே முதலிடம் என்ற பட்டத்தை 2023-இல் குஜராத்திடம் விட்டுவிட்டது.

சிதம்பரத்துக்கு வருவோம். ஊரைச் சுற்றி மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. வடமேற்கே நெய்வேலி, பழுப்பு நிலக்கரியை எரித்து 1962 முதல் மின்சாரம் தருகிறது. வடகிழக்கே பரங்கிப்பேட்டை அருகே இறக்குமதி நிலக்கரியில் ஓடும் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம். ஆரல்வாய்மொழியில் பிறக்கும் மின்சாரம் கம்பி வழியே ஓடிவந்து தெற்கு வீதியில் ஃபேன் சுற்றுவதாகக் கற்பனை செய்ய வேண்டாம். அதில் பெரும்பகுதி திருநெல்வேலி, மதுரைப் பக்கமே தீர்ந்துவிடும். அங்கே தீர்வதால், அந்த ஊர்களுக்கு வடக்கேயிருந்து போக வேண்டிய மின்சாரம் மிச்சம். அந்த மிச்சத்துக்கு எங்கோ ஒரு கொதிகலனில் நிலக்கரி குறைவாக விழுகிறது. காற்றாலை சிதம்பரத்துக்குக் கொடுப்பது அதைத்தான். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் இதை ஊரே அனுபவித்தது. காத்து சீசன் தொடங்கியதும் வெட்டு நேரம் குறையும், புரட்டாசி கழிந்ததும் மறுபடி கூடும்.

கொதிகலன் பக்கமிருந்து பார்த்தால் இது சுகமான வேலை இல்லை. நல்ல ஜூலை நாளில் தமிழ்நாட்டுக் காற்று 5,000 மெகாவாட்டுக்கு மேல் தரும். வினாடிக்கு 10 மீட்டராக இருந்த காற்று 8 மீட்டராக இறங்கினால், தெருவில் நிற்பவருக்கு வித்தியாசமே தெரியாது, திறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அந்த 2,500 மெகாவாட்டை அடுத்த ஒரு மணி நேரத்தில் யாராவது கொடுத்தாக வேண்டும். நிலக்கரிக் கொதிகலனைப் பாதிக்குக் கீழே இறக்கினால் தீயை நிலைக்க வைப்பது கடினம், அணைத்துவிட்டால் மறுபடி ஏற்ற மணிக்கணக்காகும். நீர்மின்சாரம்தான் சட்டென்று கைகொடுக்கும். ஆனைமலையில் உள்ள காடம்பாறையின் 400 மெகாவாட் நிலையம், மின்சாரம் மிகுந்திருக்கும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தட்டுப்பாட்டில் இறக்கிக்கொள்கிறது. அதைப்போல் இன்னும் பல வேண்டும். அடுத்த நாள் காற்றை மணிவாரியாக முன்கூட்டிச் சொல்லும் வேலையும் இதனால்தான் தனித் துறையாக வளர்ந்திருக்கிறது.

நெய்வேலி நிறுவனமே காற்றாலைக்கு வந்தபோது செய்ததைக் கவனியுங்கள். கடலூர் மாவட்டத்தில் அவர்களுக்குச் சுரங்கம் தோண்டி முடித்த நிலம் உண்டு, லைன் உண்டு, துணைமின் நிலையம் உண்டு, ஆள்கள் உண்டு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு 51 மெகாவாட்டுக்கான 34 காற்றாலைகளைத் தென்காசி மாவட்டம் கழுநீர்குளத்தில், செங்கோட்டைக் கணவாயின் வாயில் கொண்டுபோய் நட்டார்கள்.

கடலுக்குள் போட்டால் என்ன என்று கேட்கலாம். கடல்மேல் உரசல் குறைவு, காற்று வலுவாகவும் சீராகவும் வீசும். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை, கடல் காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500. தமிழ்நாட்டின் பங்குக்குக் குறிக்கப்பட்டிருப்பது மன்னார் வளைகுடாவை ஒட்டிய தென்கடல். ஆரல்வாய்மொழியில் பாய்ந்த அதே தென்மேற்குக் காற்று, குமரிமுனையைச் சுற்றி வந்து அங்கே மறுபடி வலுக்கிறது. ஆழமும் தூண் ஊன்ற ஒத்துவரும். கடலூர், பரங்கிப்பேட்டைக்கு நேரே கடலடித் திட்டு குறுகலானது, சில இடங்களில் கடலடிப் பள்ளத்தாக்குகளே கரையை நெருங்கி வருகின்றன. கொஞ்ச தூரத்திலேயே ஆழம் கிடுகிடுவென்று இறங்கிவிடுவதால் அடியில் ஊன்றும் தூணுக்கு இடமில்லை. மிதக்கும் மேடையில் நிறுத்தும் காற்றாலைகள் ஸ்காட்லாந்துக் கடலில் 2017 முதல் ஓடுகின்றன. அவற்றின் விலை இறங்கி, வங்கக் கடலின் புயலையும் தாங்கும்படி அவை கட்டப்பட்டால், இந்தக் கரைக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்போதும் முதலில் கேட்கப்படுவது தானே புயல் எவ்வளவு வேகத்தில் வீசியது என்பதல்ல, ஆவணி மாதத்துச் சாதாரண பிற்பகலில் அங்கே வினாடிக்கு எத்தனை மீட்டர் என்பதுதான்.